ஆயில் பில்டரும் முன் அச்சும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிவது இன்று ஒரு சிறு சரக்கு வண்டியை நம்பியே ஆகும். மாட்டுங்காவில் கடைகளுக்கு இட்லி மாவு கொண்டு செல்வோரும், வாசிச் சந்தையிலிருந்து விடியலில் காய்கறி ஏற்றி வருவோரும், தவணையில் வாங்கிய பிக்கப் வண்டியையே முதலாக வைத்துத் தொழில் நடத்துகின்றனர். எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் தொழில் நிற்கும், தவணை நிற்பதில்லை. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை ஆயில் பில்டருக்கு ஒதுக்கினோம்.

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை மேலே தள்ளுகிறது. அவ்வெண்ணெய், தகரக் கூட்டினுள் மடித்து வைத்த காகிதத்தின் வழியே சென்று, உலோகத் துகளும் கரியும் நீங்கிப் பேரிங்குகளை அடைகிறது. காகிதம் அடைத்துக்கொண்டால் என் செய்வது? அதற்கென ஒரு வால்வு உண்டு. அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். எண்ணெயே இல்லாதிருப்பதினும் அழுக்கெண்ணெய் மேல் என்பது செய்தோரின் கணக்கு. ஆயின் ஓட்டுநருக்கு இது தெரிய வருவதில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியாது. இருப்புப்பாதையில் அச்சுப்பெட்டி சூடேறினால் நாற்றமோ புகையோ காட்டிக்கொடுக்கும். பில்டர் அத்தகைய நாணயம் உடையதன்று. எனவே குறி தோன்றட்டும் எனக் காத்திராமல், கையேட்டில் குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிடுதலே முறை. டீசல் வண்டியின் எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடுவது இயல்பு. நிறத்தைக் கண்டு முடிவு செய்தல் வேண்டா.

இனி, டூ வீல் டிரைவ், போர் வீல் டிரைவ் என்னும் வேற்றுமைக்கு வருவோம். முன்னதை மோட்டார் சைக்கிள் என நினைத்துவிடலாகாது. இரண்டும் நான்கு சக்கரம் உடைய வண்டிகளே. எஞ்சினின் ஆற்றல் இரு சக்கரங்களுக்கு மட்டும் செல்கிறதா, நான்குக்கும் செல்கிறதா என்பதே வேற்றுமை. நான்குக்கும் செல்லவேண்டுமாயின் முன்புறமும் ஒரு டிபரன்ஷியலும், அதை நோக்கி வரும் தண்டும் தேவை. இவை எஞ்சினின் அடியிலும் பக்கத்திலுமாக இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

1923இல் அமெரிக்கரான எர்னஸ்ட் ஸ்வீட்லண்டு உருவாக்கிய வடிகட்டி பியூரோலேட்டர் எனப் பெயர் பெற்றது. பழைய வில்லிஸ் வண்டிகளில் அவ்வகைச் சிறு உருளை எஞ்சினின் மேற்பக்கத்தில் இருந்தது. எண்ணெயில் ஒரு பகுதி மட்டுமே அதன் வழி சென்று வந்தது. பானட்டைத் திறந்து நின்றபடியே மாற்றலாம். எத்தனை சக்கரம் இழுத்தாலும் வேலை ஒன்றே. எண்ணெய் முழுவதும் வடியும்படியான பில்டரை எஞ்சினின் பக்கவாட்டில் திருகும் வழக்கம் வந்தபின்னரே முன் அச்சோடு போட்டி ஏற்பட்டது. செவர்லே எஸ்-10 பிக்கப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினில், டூ வீல் வண்டிக்கு பில்டர் எஞ்சினோடு ஒட்டியிருக்க, போர் வீல் வண்டிக்கு அதைக் குழாய் வைத்து முன்புறத்திற்கே கொண்டு சென்றுவிட்டனர். சில மாதிரிகளில் பில்டரின் நீளமும் வேறுபடும். ஆகவே கடையில் கேட்கும்போது வண்டியின் பெயரோடு எவ்வகை டிரைவ் என்பதையும் சொல்லுக.

போர் வீல் வண்டி உயரமாதலின் பலவற்றில் ஜாக்கியின்றியே அடியில் புகலாம். ஆனால் அடியில் ஒரு காப்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றாவிடில் எண்ணெய் அதன்மேல் வழிந்து, பின்னர் நாட்கணக்கில் சொட்டி, கசிவோ என மயங்க வைக்கும். அன்றியும் அங்கே வடிகால் திருகுகள் பல. எஞ்சினுடையது எனக் கருதி முன் டிபரன்ஷியலின் திருகைத் திறந்துவிடுவோர் உண்டு. பிறகு எஞ்சினில் எண்ணெய் இருமடங்காகவும், டிபரன்ஷியல் வறண்டும் வண்டி புறப்படும்! டூ வீல் வண்டியில் இக்குழப்பம் குறைவு. ஆனால் அது தாழ்வானது. உயர்த்தியே ஆகவேண்டுமெனில் உறுதியான முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே அடியில் செல்க. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் எண்ணெயை வடித்து, பில்டரைக் கழற்றுக. கழற்றியதும் முதலில் பார்க்கவேண்டியது அதன் ரப்பர் வளையம். அது பில்டரோடு வாராமல் எஞ்சினில் ஒட்டிக்கொள்வது உண்டு. அதன்மேல் புதிய வளையமும் அமர்ந்தால், எஞ்சின் முடுக்கம் பெறுகையில் எண்ணெய் பிதுங்கி வெளியேறும். நாமறிந்த ஒரு குடும்பத்தின் வண்டிக்கு, பட்டறையிலிருந்து வந்த மறுநாளே மலைச்சாலையில் இவ்வாறு நேர்ந்தது. தகப்பனாரும் மகனும் நெடுநாள் வாடகை வண்டியில் மாவு கொண்டுசென்றனர். எஞ்சினைச் சீர்செய்ய வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. விரலால் ஒரு முறை தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பவரும், கழற்றிய பில்டரை வாங்கி, வளையம் அதில் இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளலாம்; எவரும் தவறாக எண்ணமாட்டார்.

புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையாலேயே திருகுக. வளையம் தொட்ட பின் முக்கால் சுற்று பெரும்பாலும் போதும். பில்டரின் மேல் அச்சிட்ட அளவே முடிவானது. ஸ்பேனர் கொண்டு இறுக்கியவர் அடுத்த முறை கழற்றுகையில் வருந்துவர். புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு அணைந்ததும் கசிவு பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக்கோலை நோக்குக. பில்டரும் சிறிது எண்ணெயைக் குடித்திருக்கும். குறைந்த அளவை நிரப்புக.

நாளையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தல் நன்று. குமாஸ்தாக்களாகிய நமக்குப் பதிவேட்டில் ஏறாதது நடந்ததாகவே தோன்றாது என நகைப்போர் நகைக்கட்டும். வண்டியை விற்கும் நாளில் அந்நோட்டுக்கு விலை உண்டு. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுக.