அயல்நாட்டு மருந்தகமும் நம்மவர் பழக்கமும்

சபுர் புறப்படும் வீட்டில் ஊறுகாய்க்கும் பலகாரத்திற்கும் காட்டப்படும் அக்கறையில் பாதியேனும் மருந்திற்குக் காட்டப்படுவதில்லை. உம்ராவுக்குப் புறப்படும் முதியவர் உறையினின்றும் பிரித்தெடுத்த மாத்திரைகளை ஒரு சிறு டப்பாவில் நிரப்பிக்கொள்கிறார். “வெள்ளை காலையில், மஞ்சள் இரவில்” என்பதே அவர் அறிந்த மருத்துவம். ஊரில் இருக்கும் வரை அதுவே போதும். தெருமுனைக் கடைக்காரர் முகத்தைக் கண்டதுமே மருந்தை எடுத்து வைத்துவிடுவார். மக்காவிலும் துபாயிலும் உள்ள மருந்தாளுநர்க்கு அந்த முகம் தெரியாது. எனவே நாம் வலியுறுத்த விரும்புவன இரண்டு: கடல் கடக்கும் நோயாளியோடு அவருடைய மருந்தின் பொதுப்பெயரும் மருத்துவரின் சீட்டும் செல்லல் வேண்டும், பிறருடைய மருந்து அவர் பெட்டியில் செல்லலாகாது.

தமிழாசிரியர்க்கு மருந்துக் கடையில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இது முதற்கண் பெயர் பற்றிய சிக்கலே. நாம் குரோசின் என்றும் டோலோ என்றும் கேட்டு வாங்கும் மாத்திரை, வளைகுடா நாடுகளில் பனடோல் என்றும் அடோல் என்றும் வழங்குகிறது; அமெரிக்காவில் அது டைலினால். இவை யாவும் வணிகப் பெயர்கள். உள்ளிருக்கும் மருந்து பாரசிட்டமால் ஒன்றே. அதனையும் அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர். நம் நாட்டில் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் சல்பூட்டமால் அவர்களிடத்து அல்பூட்டரால் ஆகிவிடுகிறது. ஒரு பொருட்குப் பல பெயர் தொகுத்த நிகண்டுகளைப் பாடமாகப் படித்த நம் மாணவர்க்கு இது புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி மருந்தியல் பற்றி எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’ இத்தகைய மருந்து நிகண்டே எனலாம். ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பல மொழிப் பெயர்களை அவர் தேடித் தொகுத்தார். பெயர் மாறினால் மருந்து மாறும், மருந்து மாறினால் உயிர்க்கு ஊறு என்பதை அவர் அறிந்திருந்தார். மருந்து விற்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லையே அவர் நம் நாட்டுச் சந்தனத்தின் பெயரோடு தொடர்புபடுத்தினார் என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. இன்றும் அரபு நாட்டுக் கடைப் பலகையில் ‘ஸைதலிய்யா’ என்றே காண்கிறோம்.

பெயரினும் பேரிடர் விளைப்பது அளவு. இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதனை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். நம் நாட்டில் பெரிதும் விற்பனையாகும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகுகள் உள்ளன. வளைகுடா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் குப்பியின் செறிவு 100 அலகுகள். ஊசிக்குழலும் அவ்வச் செறிவுக்கேற்பவே கோடிடப்பட்டது. ஊரிலிருந்து கொண்டு சென்ற குப்பி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதியவர் அங்கே புதுக் குப்பி வாங்கி, கையிலுள்ள நம் நாட்டு ஊசியால் வழக்கம்போல் 20 அலகுக் கோடு வரை இழுக்கிறார். உடலுட் செல்வது 20 அன்று, 50. தவாஃபின் இடையே மயங்கி விழுந்தால், வெயிலின் கொடுமை என்றே சுற்றி நிற்போர் கருதுவர். மாறாக, நம் குப்பியிலிருந்து அந்நாட்டு ஊசியால் எடுப்பவர்க்கு 20 அலகு 8 அலகாகக் குறைந்துவிடும். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். நம் நாட்டில் 40க்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு, 100க்குரியது ஆரஞ்சு. குப்பியும் ஊசியும் ஒரே செறிவினவாய் இருத்தல் வேண்டும் என்பதைப் பேரப்பிள்ளைகளாவது உணர்த்தி அனுப்புக. இன்சுலினைச் சரக்கறைப் பெட்டியில் இடாது கைப்பையில் வைத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது.

இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி. அந்தக் கூட்டு மாத்திரை அயல்நாட்டுக் கடையில் இல்லாமற் போகலாம். உள்ளடங்கிய பெயர்களும் எடையும் எழுதப்பட்டிருப்பின் தனித்தனியே பெறவேனும் வழி பிறக்கும். அங்குள்ள மருந்தாளுநர் பலர் மலையாளிகள். நாம் சொல்வது அவர்க்கு விளங்கும். மொழி விளங்கினாலும் சட்டம் வளைந்து கொடுக்காது. ‘சவூதியில் எந்த மருந்தும் கேட்டால் கிடைக்கும்’ என்பது பழைய சபுராளிகள் சொன்ன கதை. 2018இல் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதற்கு எதிரான நடவடிக்கை அங்கே கடுமையாக்கப்பட்டது. அது நல்ல சட்டமே. நம்மூர்க் கடைகளிலும் அவ்வாறே நடந்தால் நாம் வரவேற்போம்.

இனி, சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று. ஊரிலிருந்து ஆள் வருகிறது என்றாலே, “தம்பி, இதை மாமாவிடம் சேர்த்துவிடு” என்று ஒரு பொட்டலம் வந்துவிடும். மறுத்தால் மனம் நோகும், உறவு கசக்கும். பொட்டலத்தின் உள்ளே இடுப்பு வலிக்குத் தந்த டிரமடால் இருக்கலாம், கோடீன் கலந்த இருமல் மருந்து இருக்கலாம், கால் எரிச்சலுக்கு நம் மருத்துவர்கள் எளிதாக எழுதித் தரும் ப்ரீகாபாலின் இருக்கலாம், உறக்கத்திற்கான அல்பிரசோலம் இருக்கலாம். வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்பாட்டுக்குரியவை. டிரமடாலை நம் அரசே 2018இல் போதைப்பொருட் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இத்தகைய மருந்தைத் தம் தேவைக்குக் கொண்டு செல்வோரும் முன்கூட்டியே இணையவழி ஒப்புதல் பெறுதல் வேண்டும். தமக்கே இத்துணைக் கட்டுப்பாடு எனில், பிறர் மருந்தைச் சுமந்தவர் சுங்க அதிகாரியிடம் எந்தச் சீட்டைக் காட்டுவார்? அனுப்பியவர் ஊரில் இருப்பார். அகப்படுபவர் வேலைக்குப் போன இளைஞரே. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அமீரகத்திலும் சவூதியிலும் தடைப்பட்ட பொருள்; சிங்கப்பூரிலும் முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்ல இயலாது. மசாலாப் பொட்டலம் கட்டித் தரும் உம்மாமார் இதனை அறிதல் வேண்டும். இவ்வகையில் உறவுமுறை பார்த்தல் கூடாது என்பதே நம் கருத்து. மறுத்தவனை ஊர் ஏசினாலும் ஜமாஅத் பெரியவர்கள் அவன் பக்கமே நிற்றல் நன்று.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறு சொல்லும். பயணத்தில் மருத்துவரும் பேணுபவரும் பெரும்பாலும் உடன் வருவதில்லை. ஹஜ் காலத்தில் நம் அரசு மக்காவிலும் மதீனாவிலும் மருத்துவ மையங்களை நடத்துகிறது. உம்ராவுக்குத் தனியாகச் செல்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவ்விரு கூறுகளின் இடத்தையும் ஒரு தாளேனும் நிரப்பட்டும். மருந்துகளின் பொதுப்பெயரை மருத்துவர்கள் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில், எழுதல் வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இலேயே அறிவுறுத்தியது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

நம் துறை மாணவர் நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் மஹல்லா தோறும் சென்று, மருத்துவரின் சீட்டைப் பார்த்து, உம்ரா செல்லும் முதியவர்க்கு ஆங்கிலத்தில் ஒரு தாளும் தமிழில் ஒரு தாளும் எழுதித் தரலாம். மருந்தின் பெயர், எடை, வேளை, எந்நோய்க்கு என நான்கு பத்திகள் போதும். எழுதியதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்தல் வேண்டும். தாளின் தலைப்பில், மற்றெல்லாவற்றிற்கும் முன்னர், ஒவ்வாத மருந்தின் பெயர் சிவப்பு மையில் இருக்கட்டும். பெனிசிலின் ஒவ்வாதவர் நினைவிழந்து கிடக்கும்போது அதனைச் சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறு வாய் இராது.