ஏட்டுச் சுரைக்காயும் கணிப்பொறி நிரலும்

கணிப்பொறிக் கல்வி இன்று பட்டணத்துப் பிள்ளைகளின் தனிச் சொத்து அன்று. பென்னாகரம் போன்ற ஊர்களிலும் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவியர் பலர் கணினி அறிவியல் பிரிவை விரும்பிக் கேட்கின்றனர். "இதைப் படித்தால் ஓசூரிலோ பெங்களூரிலோ என் மகளுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும்" என்ற நம்பிக்கையோடு பெற்றோரும் சேர்த்து விடுகின்றனர். அந்த நம்பிக்கை வீண் போகக் கூடாது. ஆனால் நாம் இப்போது நிரல் எழுதக் கற்கும் முறையில் கற்றால் அது வீணாகத்தான் போகும் என்பது என் கருத்து. ஏன் என்பதை மாணவியரும் பெற்றோரும் அருட்சகோதரியரும் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

2018-ஆம் ஆண்டில் தமிழக அரசு புதிய பாடத்திட்டத்தைக் கொண்டு வந்தபோது, பதினோராம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ் மொழியும், அதற்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழியும் பாடமாயின. நல்ல மாற்றம். உலகின் பெரிய நிறுவனங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் பயன்படுத்தும் மொழிகள் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பாடம் புதிதாயிற்று, படிக்கும் முறை மட்டும் பழையதாகவே இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு இன்னின்ன நிரல்கள் வரும் என்று முன்கூட்டியே தெரியும். அவற்றை ரெக்கார்டு நோட்டில் அழகிய கையெழுத்தில் எழுதுகிறோம். அடிக்கோடிட்டு, அட்டை போட்டு, கையொப்பம் வாங்குகிறோம். பிறகு செய்யுளை ஒப்பிப்பது போல் வரி வரியாக மனப்பாடம் செய்கிறோம். தேர்வு நாளில் முழு மதிப்பெண் வருகிறது. மறு மாதம் அந்த நிரல் நினைவில் இருப்பதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். மனப்பாட நிரலும் அத்தகையதே. வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சொல்லைத் தலைகீழாக்கிக் காட்டும் நிரல் எல்லா மாணவியரும் அறிந்தது. ஆங்கிலச் சொல் கொடுத்தால் சரியாகத் திருப்பித் தரும். அதே நிரலுக்கு 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுங்கள். 'ழ்மித' என்று வர வேண்டும். வராது, குறியும் புள்ளியும் இடம் மாறி, மகரத்தின் இகரக் குறி ழகரத்தின் மேல் போய் ஏறிக்கொண்டு உருக்குலைந்த ஒன்று வரும். காரணம் என்ன? நமக்கு 'மி' என்பது ஓர் எழுத்து. கணிப்பொறி பின்பற்றும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறிகள். மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. எனவே 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் கணிப்பொறிக்கு ஐந்து குறிகளாகத் தெரிகிறது. நிரல் குறிகளைத் திருப்புகிறது, எழுத்துகளை அன்று. இதைச் சரி செய்யவே 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பைத் தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். நோட்டில் உள்ளதை ஒப்பிக்கும் மாணவிக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. தன் பெயரையே கொடுத்துப் பார்த்த மாணவிக்கோ ஐந்தே நிமிடத்தில் ஒரு பெரிய பாடம் கிடைத்துவிடும்.

அம்மாவின் கணக்கு நோட்டு

அப்படியானால் எதைச் செய்து பழகுவது? வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கத்துக்கு அரசு வித்திட்டது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-ஆம் ஆண்டில், கிருஷ்ணகிரியும் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், அது தொடங்கியது. இன்று நம் மாணவியரின் தாய்மார் பலர் ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினர். அந்தக் குழுவின் கணக்கு நோட்டை ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவே சிறந்த நிரல் பயிற்சி நூல்.

ஓர் உறுப்பினர் 5,000 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 500 ரூபாயாகப் பத்து மாதத்தில் அசலை அடைக்கிறார். வட்டி எவ்வளவு? அவசரக்காரி ஒருத்தி எழுதும் நிரல் மாதம் 100 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு 1,000 ரூபாய் என்று காட்டும். ஆனால் குழுவில் குறைந்துவரும் அசலுக்குத்தான் வட்டி என்று தீர்மானம் போட்டிருந்தால், முதல் மாதம் 100, இரண்டாம் மாதம் 90, மூன்றாம் மாதம் 80 என்று இறங்கி, மொத்த வட்டி 550 ரூபாய்தான். வேறுபாடு 450 ரூபாய். ஓர் ஏழைத் தாயின் உழைப்பு! இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தவறான நிரலும் தடங்கல் இல்லாமல் ஓடும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. கணிப்பொறி நாம் சொன்னதைச் செய்யும். நாம் சொல்ல வேண்டியது எது என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்டறிய வேண்டிய வேலை. நிரல் எழுதுவதில் பாதி வேலை இதுவே.

மேலும் கேளுங்கள். ஒரு மாதம் மழை இல்லை, கூலி இல்லை; தவணை கட்டவில்லை. நிரல் என்ன செய்யும்? ஒருவர் மீதிக் கடனுக்கு மேலாகவே பணம் கட்டிவிட்டார். அப்போது? குழுவில் முனியம்மாள் என்ற பெயரில் இருவர் இருக்கின்றனர். பெயரைக் கொண்டு கணக்கு வைத்தால் ஒருவர் கட்டிய பணம் மற்றவர் பெயரில் ஏறிவிடாதா? ஆகையால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் வேண்டும் என்பது விளங்கும். பள்ளியில் உங்களுக்குச் சேர்க்கை எண் கொடுத்திருப்பதும் அதற்காகவே என்பதும் அப்போது விளங்கும். இப்படிப்பட்ட கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிறகு நிரலை ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை. தொழில் தெரிந்தவர்கள் நிரலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பழைய சோதனைகள் அனைத்தையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். ஓரிடத்தைத் திருத்தினால் வேறோரிடம் உடைவது இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சி.

நம் தாய்மாரிடம் கற்க வேண்டியது இன்னும் உண்டு. குழுக் கூட்டத்தில் கணக்கை ஒருவர் எழுதினாலும் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிப்பது நல்ல குழுக்களின் வழக்கம். எழுத்தறியாத உறுப்பினரும், "என் சேமிப்பில் ஐம்பது குறைகிறதே" என்று எழுந்து கேட்கலாம். எழுதியவர் அதை அவமானமாகக் கொள்வதில்லை. மென்பொருள் நிறுவனங்களிலும் இதே முறைதான். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அது சேர்க்கப்படும். எந்தத் திருத்தம், எப்போது, யாரால், ஏன் செய்யப்பட்டது என்பதற்கும் பதிவு உண்டு. அந்தப் பதிவை வைக்கும் 'கிட்' என்ற கருவியை 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். அது இலவசமாகவே கிடைக்கிறது. குழுவின் தீர்மானப் புத்தகம் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

பதறாத காரியம் சிதறாது

"இவ்வளவு பாடுபட வேண்டுமா? ஓடினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்ட 40 விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய நிரலின் ஒரு பகுதியை, புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு அது தாங்குமா என்று சோதிக்காமல் அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பெரிய எண் தனக்கு ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. அவ்வளவுதான் காரணம், பல ஆண்டு உழைப்பு சாம்பலாயிற்று. அக்காளின் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் தங்கையர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்!

இதனினும் துயரமானது தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் நிரலில் இருந்த குறைகளால் நோயாளிகள் ஆறு பேர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், உயிர்களும் போயின. குணமாக வந்தவர்களைப் பிழையுள்ள நிரல் கொன்றது. ஆகவே நிரலைச் சோதிப்பது பிறர் மீதுள்ள அக்கறை. அது ஓர் அறச் செயல் என்றே சொல்வேன்.

இது பெண்களின் தொழிலும்கூட

"இதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கு வரும்" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற பெரும் கணிப்பொறிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். தொடக்கத்தில் அந்த இயந்திரம் இருந்த அறைக்குள் செல்லக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடங்களை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு அதன் உள்ளமைப்பைக் கற்றார்கள். "வீட்டில் கணிப்பொறி இல்லையே, எப்படிப் பழகுவேன்?" என்று கலங்கும் மாணவிக்கு இதைவிட நல்ல விடை இல்லை. சிந்திக்கத் தாளும் பென்சிலும் போதும். தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு வருபவளுக்கு ஆய்வகத்தின் அரை மணி நேரம் மூன்று மணி நேரமாகும்.

நம் அருட்சகோதரியர் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் கன்னியர் சபையைச் சேர்ந்த சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1965-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற அவர், அயோவா மாநிலத்தில் பெண்கள் பயின்ற கிளார்க் கல்லூரியில் கணினி அறிவியல் துறையை நிறுவி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை நடத்தினார். பெண்கள், அதிலும் குழந்தை பெற்ற தாய்மார், கணிப்பொறி கற்க அவர் ஊக்கம் அளித்தார்.

ஆங்கிலம் தடை என்று அஞ்சுவோரும் உளர். 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ், கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகத் தந்து வருகிறது. அதில் எளிய தமிழில் தொழில்நுட்ப நூல்களை வரிசையாக எழுதிய து. நித்யா ஒரு பெண்மணி. தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலச் சொல்லைப் பழகிக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை.

கடைசியாக ஒரு கேள்வி வரும். "சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் நிரல் எழுதித் தருகிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்?" எழுதித் தருகிறது, உண்மை. ஆனால் அது தந்த வட்டிக் கணக்கு சரியா என்று யார் சொல்வது? 1,000 என்றாலும் 550 என்றாலும் அது ஒரே பணிவோடுதான் சொல்லும். இனி எழுதத் தெரிந்தவளைவிடப் படிக்கவும் சோதிக்கவும் தெரிந்தவளுக்கே மதிப்பு. ஒப்பிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. சிந்திக்கும் வேலை நமக்கென்று இருக்கிறது.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் பின்னால் ஒரு பக்கம் விட்டு, எந்த விவரம் கொடுத்தபோது அது தவறியது, எப்படித் திருத்தினோம் என்று எழுத மாணவியரை ஆசிரியர்கள் பழக்க வேண்டும். தவறு கண்டவளைப் பாராட்டவும் வேண்டும். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் நிரலை மற்றவர் படிப்பதற்கும், ஆண்டுக்கு ஒரு நிரலாவது நம் ஊருக்குப் பயன்படுமாறு செய்து ஆண்டு விழாக் கண்காட்சியில் வைப்பதற்கும் பள்ளி இடம் தர வேண்டும். பால் சங்கத்தின் வாராந்தரப் பட்டியல், பட்டுக்கூடு விலைக் குறிப்பு, நூலகப் புத்தகக் கணக்கு என்று பொருளுக்குப் பஞ்சமில்லை. பெற்றோரோ, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதோடு நில்லாமல், "நீ செய்ததைக் காட்டு, அம்மா" என்று மாதம் ஒரு முறை கேட்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் என்ற பெயர் தர்மபுரிக்கு வந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, கணக்கு நோட்டைத் தம் கையில் எடுத்த நம் தாய்மார் அந்தக் குறையின் ஒரு பகுதியைத் துடைத்தார்கள். மீதியைத் துடைக்க வேண்டியவர்கள் நீங்கள். மாணவியரே, மனப்பாடத்தை விடுங்கள். சிறிதாக ஒரு நிரலை நீங்களே எழுதுங்கள், அது உடையும் இடத்தைத் தேடுங்கள், தோழியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், மறுபடி திருத்துங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.