ரேஸ் ஓட்ட ஈ.எம்.ஐ. கார் எதற்கு?

குமாரலிங்கபுரம் மாதிரி வானம் பார்த்த பூமியில் கார் ரேஸ் பேச்சை எடுத்தாலே பெருசுகள் சிரிக்கும். இளசுகளோ பேச்சிலேயே ஷோரூமுக்குப் போய்விடும். "டர்போ இல்லாம ரேஸா? குறைஞ்சது 100 குதிரையாவது வேணும் மாப்ள!" இப்படி ஆரம்பிக்கிற ஆசை, கடைசியில் அப்பாவின் நிலப் பத்திரத்திலும் அம்மாவின் நகையிலும் போய் நிற்கிறது. ஆசை தப்பில்லை. கணக்குதான் மொத்தமும் தப்பு.

ஒருவன் கடன் போட்டு புது கார் வாங்கி ட்ராக்கில் இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சுற்றிலேயே தடுப்பில் மோதிவிடுகிறான். இன்சூரன்ஸ் வருமா? வராது. சாதாரண கார் பாலிசியில் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் விலக்கு உண்டு. கார் போச்சு... தவணை போகாது! சொத்துப் பக்கம் காலி, கடன் பக்கம் மட்டும் நிற்கிற பேலன்ஸ் ஷீட்டுக்குப் பெயர் திவால்.

ஆக, முதல் விதி: கார் மொத்தமாக நொறுங்கினாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

"அதுக்காக பழைய மாருதியா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. 1980-களின் கடைசியில் கோவை எஸ்.கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் முதல் ரேஸ் ஓட்டியது அந்தக் காரில். 2005-ல் அவர்தான் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர். எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களுக்கும் மாருதியின் 1.3 லிட்டர் இன்ஜின்தான் போட்டார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்போ எதை வாங்கலாம்? பழைய எஸ்டீம், இல்லை 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்டில் 1.3 பெட்ரோல். எடை கம்மி, அதனால் டயரும் பிரேக்கும் தேய்வது கம்மி. மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய இன்ஜின். எஸ்டீம் தயாரிப்பு 2007-ல் நின்றுவிட்டது, அதனால் துருவைப் பார்த்து வாங்க வேண்டும். துருப்பிடித்த தரையில் ரோல் கேஜை வெல்ட் செய்தால் உயிர்தான் ஆட்டம் காணும்.

இன்னொரு லாபமும் உண்டு. பவர் கம்மியான காரில் வளைவில் விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்று கற்றே ஆக வேண்டும். பெரிய இன்ஜின் அந்தத் தப்பை நேர் ரோட்டில் மறைத்துவிடும்.

மிச்சமாகும் காசு அலாய் வீலுக்கும் சத்தம் போடுகிற சைலன்சருக்கும் அல்ல. ஹெல்மெட், ரோல் கேஜ், பெல்ட், பிரேக் பேட், டயர்... அப்புறம் பயணம். அருப்புக்கோட்டையிலிருந்து கோவை செட்டிபாளையம் கரி ட்ராக்குக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆளைத் தின்பது காரின் விலை அல்ல, இந்தத் தொடர் செலவுதான்.

"ட்ராக் தூரம், நாலு வழிச் சாலை பக்கம்" என்று மதுரை-தூத்துக்குடி ரோட்டில் மிதிக்கிறவர்களுக்கு ஒரே பதில். அங்கே ஆட்டு மந்தை கடக்கும். பால் கேனோடு டிவிஎஸ் 50 வரும். அவர்கள் யாரும் ரேஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

கொசுறு: பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000-க்கு நல்ல பிரேக் பேட் வாங்கலாம் மக்களே!