பூசணி விளக்குக்குப் பின்னால்

சென்ற அக்டோபரில் பேரங்காடி வாசலில் தொங்கிய பூசணி விளக்கைக் காட்டி, "சித்தி, இது என்ன பெருநாள்?" என்று கேட்டான் என் அக்காள் மகன். "பேய்த் திருநாள். நமக்கெதற்கு?" என்று கூறி அவனை அழைத்துச் சென்றுவிட்டேன். அன்றிரவு அவன் அறை விளக்கை அணைக்கவே விடவில்லை. என் அறியாமை அவனுக்கு அச்சமாகிவிட்டது.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஹாலோவீனின் வேர் அயர்லாந்தின் பழைய கெல்டிக் விழாவான சவ்வினில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு நான்கு பருவ விழாக்கள். நான்கும் வயலையும் மந்தையையும் ஒட்டியவை. பிப்ரவரி 1 இம்போல்க்: செம்மறியாடுகள் குட்டி ஈன்று பால் சுரக்கும் காலம். புனித பிரிஜிட்டின் நினைவாகக் கோரைப்புல்லில் சிலுவை பின்னுவார்கள். 2023 முதல் இவ்விழாவையொட்டி அயர்லாந்தில் பொது விடுமுறையும் உண்டு. மே 1 பியால்டினா: கோடை மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளை, நோய் அண்டாதிருக்க, இரண்டு தீக்குவியல்களுக்கு நடுவே ஓட்டுவார்கள். ஆகஸ்டு 1 லூனஸா: முதல் அறுவடை. நவம்பர் 1 சவ்வின்: மந்தை வீடு திரும்பும், குளிர்காலம் தொடங்கும். பொழுது சாயும்போதே நாள் பிறப்பதாகக் கருதியதால், அக்டோபர் 31 இரவே விழா தொடங்கிவிடும். அன்று மறுவுலகின் கதவு திறக்கும் என்று நம்பினர். பிற்காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கையில் அது பூசணியாயிற்று.

இத்தனையும் இருக்க, பேயை மட்டும் பிள்ளைகளிடம் காட்டுவது நியாயமா? மாட்டிலிருந்தும் விளைச்சலிலிருந்தும் தொடங்கிச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதே வேளையில் மிகைப்படுத்தவும் கூடாது. அம்மக்களின் பழங்கதைகள் பலவற்றை எழுதி வைத்தவர்கள் பின்னாளைய கிறிஸ்துவத் துறவிகள். ஆகவே, "இப்படி நம்பினார்களாம்" என்று சொல்வதே நேர்மை.

பிறர் விழாவைச் சொல்லிக் கொடுத்தால் நம் விழா மறந்துபோகும் என்று சிலர் அஞ்சலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு விழா ஏன் பிறந்தது என்று புரிந்துகொண்ட பிள்ளை, தன் வீட்டுப் பொங்கலுக்கும் காரணம் கேட்கும். மொழிக்கும் இதில் பங்குண்டு. ஐரிஷ் மொழியில் மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களின் பெயர்கள் இன்றும் பியால்டினா, லூனஸா, சவ்வின்தான்!

மறுவாரம் அவனிடம் இக்கதையைச் சொன்னேன். "மாடெல்லாம் பத்திரமா வீட்டுக்கு வந்துருச்சா சித்தி?" என்று கேட்டான். வந்துவிட்டன என்றேன். விளக்கை அவனே அணைத்தான்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், பெற்றோராவோம். "நமக்கெதற்கு?" என்று பதில் சொல்வதற்கு முன், கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்வோமே!