ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களா?

"ஹஜ்ரத், குற்றத்த ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளிய வந்துடலாம்னு உள்ள இருக்கறவங்க சொல்றாங்களாம். புள்ளைய ஒத்துக்கச் சொல்லட்டுமா?"

விசாரணைக் கைதியாக நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு வாலிபரின் தாயார் நம்மிடம் கேட்ட கேள்வி இது. நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு அந்தக் கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது.

2006 ஜூலை 11 அன்று மும்பை புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2015இல் சிறப்பு நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனையும் ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. மரண தண்டனை பெற்ற ஐவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் இறந்துவிட்டார். அவர் நிரபராதி என்ற தீர்ப்பு கப்ருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த வழக்கில் அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது, போலீஸ் உயர் அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டதாகச் சொன்ன ஒப்புதல் வாக்குமூலங்களை. சாதாரண வழக்குகளில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது. மகாராஷ்டிராவின் மோக்கா சட்டத்தில் செல்லும். உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. மேல்முறையீடு என்ற வாசல் திறந்திருந்ததால்தான் அந்தக் காகிதங்களை இன்னொரு அமர்வு எடுத்துப் பார்க்க முடிந்தது. அதற்குப் பத்தாண்டுகள் ஆனது வேறு விஷயம்.

விடுதலையான பிறகும் கதை முடியவில்லை. மாநில அரசு உடனே உச்ச நீதிமன்றம் சென்றது. வெளியே வந்தவர்கள் திரும்பச் சிறைக்குப் போக வேண்டாம், ஆனால் இத்தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அமெரிக்காவில் இப்படி நடக்காது. அங்கே ஜூரி ஒருவரை நிரபராதி என்று சொல்லிவிட்டால் அரசு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தடுக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஜூரி முன் போய் நிற்பவர் எத்தனை பேர்? மத்திய அரசு வழக்குகளில் கிடைக்கும் தண்டனைகளில் 97 சதவீதம் குற்றத்தை ஒத்துக்கொண்டதால் வந்தவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டது. ஒத்துக்கொண்டால் குறைந்த தண்டனை, வழக்காடித் தோற்றால் பெரும் தண்டனை. இதுதான் பேரம். 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள போலிக் காசோலைக்காகப் பிடிபட்ட ஒருவரிடம், ஒத்துக்கொண்டால் ஐந்து ஆண்டு கேட்கிறேன் என்றார் அரசு வக்கீல். அவர் மறுத்தார். பழைய குற்றங்களையும் சேர்த்து ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மிரட்டல் செல்லும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரத்தில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மேல்முறையீட்டு உரிமையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

ஜப்பானில் நம் நாட்டைப் போல அரசும் மேல்முறையீடு செய்யலாம். இவாவோ ஹகமாடா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966இல் கொலை வழக்கில் கைதாகி, பல நாள் விசாரணைக்குப் பின் 'ஒத்துக்கொண்டார்'. நீதிமன்றத்தில் அதை மறுத்தும் பயனில்லை. 1968இல் மரண தண்டனை. 2014இல் மறுவிசாரணைக்கு உத்தரவானது. அதையும் எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ததால் மேலும் பல ஆண்டுகள் கழிந்தன. 2024 செப்டம்பரில், தம் 88ஆம் வயதில் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. இந்த முறை மேல்முறையீடு இல்லை என்று அரசு வக்கீல்கள் அறிவித்தார்கள். உரிமை இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள்.

ஹுதூத் குற்றங்களில் ஒருவர் தாமே ஒத்துக்கொண்டாலும், தண்டனை நிறைவேறும் முன் பின்வாங்கினால் அது ஏற்கப்படும் என்றே ஃபிக்ஹில் நாம் ஓதியிருக்கிறோம். நம் நாட்டு நீதிமன்றத்தில் அப்படிப் பின்வாங்குவது எளிதல்ல.

இந்தியாவிலும் 2006 முதல் குற்ற ஒப்புதல் பேரம் உண்டு. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 23ஆம் அத்தியாயம். ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது. பொருந்தும் வழக்குகளில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது: எதிர்த்தரப்பு இல்லாமல் நீதிபதி தனியே விசாரித்து, சுயவிருப்பம்தானா என்று உறுதிசெய்ய வேண்டும்.

ஊபா வழக்குகளில் பல முக்கியப் பிரிவுகளுக்குப் பத்து ஆண்டு, ஆயுள் என்று தண்டனை இருப்பதால் இந்த அத்தியாயம் அங்கே உதவாது. மிஞ்சுவது, நீதிபதி முன் நின்று "நான் குற்றவாளி" என்று வெறுமனே சொல்வது மட்டும்தான். அதில் பேரம் இல்லை. இத்தனை ஆண்டுதான் என்று யார் வாக்குக் கொடுத்தாலும் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பி.என்.எஸ்.எஸ். 416ஆம் பிரிவின்படி, அப்படி ஒத்துக்கொண்டவர் தண்டனையின் அளவையோ சட்டப்பூர்வத் தன்மையையோ எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம். குற்றமே செய்யவில்லை என்ற வாதத்துக்கு அந்த வாசல் திறக்காது. மும்பையில் அந்தப் பன்னிரண்டு பேரும் விசாரணையில் அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் 2025 தீர்ப்பு வந்திருக்காது.

ஆனாலும் அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் ஜாமீன் கிடைக்காத வீட்டில் அப்படித்தான் யோசிப்பார்கள். என்ன பிரிவு, குறைந்தபட்ச தண்டனை எவ்வளவு, ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு என்னவாகும் என்று வக்கீலிடம் கேட்கச் சொன்னோம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே இலவசம் என்று சொன்னோம். அடுத்த வாய்தாவுக்கு முன் ஜமாஅத்திலிருந்து ஒருவர் அவருடன் போய் வந்தார்.