முப்பதாம் நாளுக்குப் பிறகு



கல்லாவி வட்டாரத்தில் துக்க வீட்டிற்குச் செல்பவர் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. சொல்லாமல் எழுந்து வருவதே வழக்கம். அத்தகைய துயரம் அவ்வீட்டிற்கு மறுபடி வரலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் நாமோ முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் அவ்வீட்டையே மறந்துவிடுகிறோம். அன்றுதானே அங்குள்ளோரின் தனிமை தொடங்குகிறது?

பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த பெற்றோருக்கே இது கொடுமை. பயங்கரவாதத்திற்குப் பறிகொடுத்தோரின் நிலை இன்னும் கொடியது. அவர்களுடைய துக்கம் நீதிமன்றத்திலும் விசாரணைக் குழுவிலும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

நம் அண்டை நாடான இலங்கையை எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், தலைநகரின் பெரிய ஓட்டல்கள் ஆகிய இடங்களில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் மாண்டோருள் ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியர் பலர்.

தாக்குதல் நிகழக்கூடும் என்ற எச்சரிக்கை அதிகாரிகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. அதைப் பொருட்படுத்தாதது குறித்து வழக்குத் தொடுத்தவர்களுள், தம் இரு பிள்ளைகளை இழந்த ஒரு தந்தையும் இருந்தார். 2023 ஜனவரி 12 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

அத்தகைய தந்தை ஒருவரைச் சந்தித்தால் நாம் என்ன சொல்வோம்? ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்போமா? மனிதன் திட்டமிட்டுச் செய்த கொலையை ஆண்டவர்மேல் சுமத்தலாகாது. ‘மன்னித்துவிடுங்கள்’ என்போமா? மன்னிப்பு மேலான புண்ணியமே. ஆயினும் அதை அளிக்க வேண்டியவர் இழந்தவர். எதையும் இழக்காத நாம் அவரை அவசரப்படுத்துவது முறையன்று. நீதி கேட்பவரைப் பழிவாங்கத் துடிப்பவர் என்று எண்ணுவதும் தவறு. 2022 ஏப்ரலில், அத்தாக்குதலில் தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் வத்திக்கானில் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், பொறுப்பாளிகள் யார் என்பதை வெளிப்படுத்துமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டார்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. காரணம் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவருக்குப் பாரமானார்கள்.

1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே ‘கனிஷ்கா’ விமானம் குண்டு வெடித்துச் சிதறியது. மாண்ட 329 பேருள் குழந்தைகள் பலர். அக்கரையிலுள்ள அகாகிஸ்டா என்னும் சிற்றூரில் நினைவிடம் எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் அவ்வூர் மக்கள், கடல் கடந்து வரும் உறவினரோடு அங்கே கூடி நிற்கிறார்கள். அவர்கள் உறவினருமல்லர், ஒரே மொழியினருமல்லர். ஆயினும் நாளை மறவாமல் வருகிறார்கள்.

நம்மாலும் இது இயலும். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்ல அஞ்ச வேண்டாம். அப்பெயரைக் கேட்கவே பெற்றோர் ஏங்குகின்றனர். பிள்ளையின் புகைப்படத்தைக் காட்டினால் பொறுமையாகப் பாருங்கள். வழக்கு என்னவாயிற்று என்று விசாரியுங்கள். பிள்ளையின் பிறந்த நாளையும் இறந்த நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும் அவ்வீட்டிற்குச் செல்லுங்கள்.