காபன் இழையும் கைத்தொழில் உறுதியும்

காற்றாலையின் நீண்ட இறக்கைகளுக்கும் ஐதரசனை உயர் அழுத்தத்தில் அடக்கும் கலன்களுக்கும் காபன் இழை வேண்டப்படுகின்றது. இதனை வெளிநாட்டில் வாங்கினாற் போதும், இந்தியா ஆக்க முனைவது வீண் என்பார் உளர். எண்ணெய்க்குக் கையேந்தும் நிலையை ஒழிக்க எழுந்த தூய சக்தி, இழைக்குக் கையேந்துவதில் முடியுமாயின் அதனை விடுதலை என்பது எங்ஙனம்? ஏவுகணைக்கும் உதவும் பொருளாதலின், உயர்தர இழையின் ஏற்றுமதியை வல்லரசுகள் கட்டுப்படுத்துகின்றன. காசிருந்தும் கிடையாத பொருள் மலிவானதாகாது.

ஆயினும் கண்டுபிடிப்பு மட்டும் கைத்தொழிலாகாது. 1960களில் வலிமைமிக்க இழையை ஆக்கியோருள் பிரித்தானியாவின் ஃபார்ன்பரோ ஆய்வாளர் முன்னின்றனர். அவ்விழையால் றோல்ஸ் றோய்ஸ் அமைத்த விமான இயந்திர விசிறியோ பறவை மோதற் சோதனையில் தோற்றது. யப்பானின் டோரே நிறுவனம் 1971 இல் உற்பத்தியைத் தொடங்கி, தூண்டிற்கோலிலும் கொல்ஃப் மட்டையிலும் சந்தை கண்டு, பொறுமையுடன் விமானத்தை எட்டிற்று.

பெங்களூர் ஆய்வுகூடமொன்றின் நுட்பத்தைக் கொண்டு 2010 இல் வடோதராவில் இழை ஆலை எழுந்தது. அதனை நிறுவிய கம்பனி பின்னர் கடனில் மூழ்கியது. அறிவு மட்டும் ஒரு தொழிலைத் தாங்காது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இழையின் உற்பத்திச் செலவில் ஏறத்தாழப் பாதி, மூலமான அக்கிரிலிக் நூலுக்கே செல்கின்றது. அந்நூலை இறக்குமதி செய்து உலையிற் கருக்குவது மட்டும் சுதேச உற்பத்தியன்று. நூலையும் உள்நாட்டிலேயே ஆக்குதல் வேண்டும். முப்பந்தல் போன்ற காற்றாலைக் களங்களின் தேவையைக் காட்டி, நீண்டகாலக் கொள்வனவுக்கு அரசு உறுதியளித்தல் வேண்டும். அவ்வுறுதியின்றி நாட்டப்படும் அடிக்கல், கல்லாகவே கிடக்கும்.